ஊன்றுகோலை எங்கே வைப்பது?

'ஷாம்பூ' நம்ம நாட்டு வார்த்தை என்று சொன்னால் ஆபீசில் பலர் நம்புவதில்லை. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அமுக்குவது, பிசைவது. 'சாம்போ' என்றால் அமுக்கு. மும்பை சௌபாட்டி கடற்கரையில் சாயங்காலம் எண்ணெய் பாட்டில்களோடு 'சம்பி, மாலிஷ்' என்று கூவிக்கொண்டு போகிறார்களே, அவர்கள் தொழில்தான் அந்த வார்த்தையின் பூர்வீகம். ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கும் நுரைக்கும் சம்பந்தமே இல்லை. உடம்பு பிடித்துவிடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

இங்கிலாந்தில் அதைப் பெரிய வியாபாரமாக்கியவர் ஷேக் தீன் முகமது. 1759ல் பாட்னாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்துவிட்டு அயர்லாந்து போனார். 1794ல் தன் பயணங்களைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். ஆங்கிலத்தில் புத்தகம் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் இவர்தான். 1810ல் லண்டனில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்து கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போய், நீராவிக் குளியலும் மசாஜும் கலந்த ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பூ சர்ஜன்' ஆகும் அளவுக்குக் கொடிகட்டிப் பறந்தார்.

அந்த நிலையத்தைப் பற்றிப் படித்ததில் ஒரு விவரம் என் மனதில் ஒட்டிக்கொண்டது. குணமாகிப் போனவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களை அங்கே மாட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்குக் கடைகளில் வாடிக்கையாளர் பாராட்டுக் கடிதங்களை பிரேம் போட்டு வைக்கிறார்களே, அந்த மாதிரி.

நல்ல விளம்பரம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊன்றுகோலை விட்டுவிட்டுப் போனவருக்கு அங்கே பெருமை. குணமாகாதவர்? காலம் முழுக்க அதே ஊன்றுகோலோடு வாழப்போகிறவர், 'எனக்குக் கால் சரியாக வேண்டாம், தோள் வலிக்கிறது, கொஞ்சம் பிடித்துவிடுங்கள்' என்று மட்டும் கேட்டால்? அவருக்கு என்ன இடம்?

போன மாதம் ஊரிலிருந்து வந்த என் அக்காவை இங்கே மும்பையில் ஒரு மசாஜ் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனதிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்டூடியோ கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

கை மட்டும் வேண்டும்

நம்ம ஊரிலேயே ஆரம்பிப்போம். அந்தக் காலத்து நாவிதர் முடி மட்டுமா வெட்டினார்? கட்டி கீறுவது, சுளுக்கு எடுப்பது, எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது எல்லாம் அவர் வேலைதான். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். அவர்கள் கை உடம்பில் படலாம், ஆனால் அதே ஆள் கூடத்தில் சமமாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. கை வேண்டும், கைக்குச் சொந்தக்காரர் வேண்டாம்.

கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் உலகத்தின் பல இடங்களில் பார்வையற்றவர்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். ஜப்பானில் சுகியாமா வாயிச்சி (1610-1694) என்று ஒருவர். சிறு வயதிலேயே பார்வை போனவர். அக்குபங்சர் கற்றுக்கொண்டு, மெல்லிய ஊசியை ஒரு சின்னக் குழாய் வழியாகச் செருகும் முறையைக் கொண்டுவந்தார். கண் தெரியாதவர் விரலாலேயே இடம் பார்த்து ஊசி போட அது வசதி. இன்றைக்குக் கண் தெரிந்த அக்குபங்சர்காரர்களும் அந்தக் குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐந்தாம் தோகுகவா ஷோகன் சுனயோஷியின் ஆதரவோடு, 1680களில் பார்வையற்றோருக்கு ஊசி வைத்தியமும் 'அன்மா' என்ற மசாஜும் சொல்லித்தரும் பள்ளி நடத்தினார். பிரெயில் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய கதை இது!

அங்கே அந்த வழி இன்னும் அடைபடவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கர்கள் ஆட்சி செலுத்தியபோது, இதெல்லாம் விஞ்ஞானம் இல்லை, நிறுத்துங்கள் என்றார்கள். பார்வையற்றவர்கள் போராடினார்கள். 1947ல் உரிமம் தரும் சட்டம் வந்தது. பார்வையற்றவர்களின் பிழைப்பைக் காப்பதற்காக, கண் தெரிந்தவர்களுக்கான புதிய மசாஜ் பள்ளிகளுக்கு அரசு அனுமதி மறுக்கலாம் என்ற விதியை 2022ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

கொரியாவில் இது இன்னும் கடுமை. ஜப்பானியர் ஆட்சியில் 1913ல் ஆரம்பித்த பயிற்சி, பின்னாளில் மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டுமே என்ற ஏற்பாடாக நிலைத்தது. 2006ல் தென்கொரிய அரசியல் சாசன நீதிமன்றம், மற்றவர்களின் தொழில் சுதந்திரம் பறிபோகிறது என்று சொல்லி அதை ரத்து செய்தது. சியோலில் பார்வையற்ற மசாஜ்காரர்கள் ஹான் ஆற்றுப் பாலத்தில் ஏறி நின்றார்கள். சிலர் ஆற்றில் குதித்தார்கள். அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. 2008ல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

கோலாலம்பூர் போனவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். நம்மவர்களின் பூக்கடைகளுக்கும் இட்லிக் கடைகளுக்கும் நடுவே பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள். 1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

எனக்கு இதில் இரண்டு மனசு. ஆற்றில் குதிக்கும் அளவுக்கு ஒரு தொழில் முக்கியமாகிறது என்றால், மற்ற எல்லாக் கதவும் அடைத்துக் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? கண் தெரியாவிட்டால் மசாஜ் என்று ஒரு சமூகம் எழுதி வைத்துவிட்டது. அது சோறு போட்டது உண்மை. வேறு எதையும் யோசிக்க விடவில்லை என்பதும் உண்மை.

போர் தந்த பாடம்

ஐரோப்பாவில் இந்தத் தொழிலுக்கு வேறு ஒரு தலைவலி. மசாஜ் என்ற போர்டு மாட்டிக்கொண்டு வேறு தொழில் நடக்கிறது என்று 1894ல் லண்டனில் பெரிய புகார் கிளம்பியது. நேர்மையாக வேலை செய்த நான்கு பெண்கள் சேர்ந்து அதே வருடம் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கத்தை ஆரம்பித்தார்கள். தேர்வு, விதிமுறை எல்லாம் வைத்தார்கள். அந்தச் சங்கம்தான் 1944ல் பெயர் மாறி, இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கமாக இருக்கிறது. பிசியோதெரபி என்ற கௌரவமான துறையின் பாட்டி இந்த மசாஜ்தான்.

முதல் உலகப்போர் வந்தது. கண்ணை இழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1915ல் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற நிலையம் தொடங்கினார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த தொழில்களில் மசாஜும் ஒன்று. பயிற்சி முடித்த பார்வையற்ற சிப்பாய்கள் ராணுவ மருத்துவமனைகளில், கைகால் போன மற்ற சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். காயம்பட்டவர் கையும் காயம்பட்டவர் உடம்பும் சந்தித்த இடம் அது.

இந்தக் கதைக்கு இந்தியாவிலும் ஒரு கிளை உண்டு. கலிப்போலி சண்டையில் 1915ல் பார்வையை இழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்சி, செயின்ட் டன்ஸ்டன்ஸில் பயிற்சி பெற்றவர். இரண்டாம் உலகப்போரில் கண் இழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943ல் டேராடூனில் அதே பெயரில் ஒரு விடுதி அமைத்தார். 1950ல் அது பார்வையற்ற பெரியவர்களுக்கான பயிற்சி மையமாகியது. இன்றைய தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் வேர் அதுதான்.

மும்பையும் போலியோவும்

இங்கே பம்பாயில் பிசியோதெரபியைக் கொண்டுவந்தது போரைவிடப் போலியோதான் என்று சொல்லலாம். ஃபாத்திமா இஸ்மாயில் என்ற அம்மாவின் கதை பலருக்குத் தெரியாது. 1940களில் அவருடைய சின்னப் பெண்ணுக்குப் போலியோ வந்தது. பம்பாயில் வழி இல்லை. மெட்ராஸ் வரை வந்து டாக்டர் எம். ஜி. கினியிடம் மாதக்கணக்கில் சிகிச்சை பார்த்தார். பிறகு பூனாவில், காயம்பட்ட சிப்பாய்களுக்கான மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பெண் நடக்க ஆரம்பித்தாள். தன் பெண்ணுக்குக் கிடைத்தது மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்று 1947ல் சௌபாட்டி பக்கத்தில் ஒரு கிளினிக் திறந்தார். பின்னால் ஹாஜி அலியில் குழந்தைகள் எலும்பு மருத்துவமனை எழுந்ததற்கு அதுதான் தொடக்கம். 1950களின் ஆரம்பத்தில் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பிசியோதெரபி பள்ளி வந்தது.

ஆனால் இவை எல்லாமே சிகிச்சைக்கான இடங்கள். நோக்கம் குணப்படுத்துவது. அதில் தப்பே இல்லை. பிரைட்டன் ஊன்றுகோல்களின் நியாயமும் அதுதானே. குணமாகாத பகுதியோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள், சும்மா ஒரு கடைக்குப் போகிற மாதிரி எங்கே போவது என்ற கேள்விக்கு யாரும் பதில் யோசிக்கவில்லை.

1995ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்து, 1996 பிப்ரவரியில் அமலானது. சாய்தளம் கட்டு என்றது. கூடவே 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாலையும் சேர்த்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பலர் தப்பித்தார்கள். 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் மும்பைக்கு டி.ஐ.எஃப்.ஆர். நடத்திய இயற்பியல் மாநாட்டுக்கு வந்தார். பிறகு தில்லி போனார். அவர் பார்ப்பதற்காகக் குதுப்மினார் போன்ற இடங்களில் அவசரமாக மரச் சாய்தளம் போட்டார்கள். ஜாவேத் அபிதி போன்ற செயல்பாட்டாளர்கள் விடாமல் கேட்டதால் நடந்தது அது. ஒரு விஞ்ஞானிக்காகச் சில நாளில் முடிகிற வேலை, உள்ளூர்க்காரர்களுக்கு எத்தனையோ வருடங்களாக முடியவில்லை!

2016ல் புதுச் சட்டம். 7 வகை என்றிருந்தது 21 வகையானது. தனியார் நடத்தினாலும் பொதுமக்கள் வந்து போகிற கட்டிடம் பொதுக் கட்டிடம்தான் என்றது. விதிகள் வந்த 5 வருடத்துக்குள் பழைய கட்டிடங்களும் மாறவேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; 2022 ஜூனில் கெடு முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரை மாதிரி இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்கவேண்டும் என்று சொல்லி ஒரு விதியையே ரத்து செய்தது. சட்டம் இந்த நிலைக்கு வர ஏறக்குறைய 30 வருடம்.

அக்கா போன ஸ்டூடியோ

இப்போது அக்கா. திருநெல்வேலிக்காரி, வயது 54. ஒன்றரை வயதில் போலியோ. இடது காலில் காலிப்பர், இரண்டு கையிலும் கட்டை. பள்ளிக்கூட டீச்சராக இருக்கிறாள். எங்கள் வீட்டில் 50 வருடமாக எல்லோரும் பேசியது அவள் காலைப் பற்றி. இப்போது அவளுக்கு வலி தோளில், மணிக்கட்டில். உடம்பின் பாரத்தை இத்தனை வருஷம் சுமந்தது அவைதானே.

முதலில் வேறு சில இடங்களுக்குப் போன் போட்டேன். ஒன்று லிஃப்ட் இல்லாத முதல் மாடி. இன்னொன்றில், 'ரிஸ்க் சார், டாக்டர் லெட்டர் கொண்டுவாங்க' என்றார்கள். தோளைப் பிடித்துவிட என்ன லெட்டர் என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் ஒரு நண்பர் சொல்லி இந்த ஸ்டூடியோ. பெயர் வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

தரைத்தளம். வாசலில் சாய்தளம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் நிதானமாக ஏறுகிறது. பல அபார்ட்மெண்ட்களில் பார்த்திருப்பீர்கள், சறுக்குமரம் மாதிரி ஒன்று கட்டி சாய்தளம் என்பார்கள். அது இல்லை. கதவு சக்கர நாற்காலி தாராளமாக நுழையும் அகலம். மசாஜ் கட்டிலை பட்டனை அழுத்தி நாற்காலி உயரத்துக்கு இறக்கலாம். யாரும் அக்காவைத் தூக்கவில்லை. அவளே உட்கார்ந்து, அவளே காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள். குப்புறப் படுக்க முடியாதவர்களுக்குப் பக்கவாட்டில் படுக்கத் தலையணைகள். வரவேற்பில் இருந்த பையனுக்குக் காது கேட்காது. எழுதிக் காட்டியும் சைகையிலும் பேசினான்.

பிடித்துவிட்ட பெண்ணுக்குப் பார்வை கிடையாது. இந்தியில் பேச ஆரம்பித்த நான் தடுமாறியதைக் கேட்டு, 'தமிழா? எந்தூரு?' என்றார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஊரைப் பார்த்ததே இல்லை, பேச்சில் மட்டும் ஊர் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் என் மொழிபெயர்ப்புக்கு வேலை இல்லை. நான் வெளியே அனுப்பப்பட்டேன்.

மீதி அக்கா சொன்னது. ஆரம்பிப்பதற்கு முன் நிறையக் கேள்வி கேட்டாராம். எங்கே தொடலாம், எங்கே கூடாது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சமீபத்தில் கால் வீங்கியதா, ரத்தக்கட்டு உண்டா. 'போலியோ காலுக்கு உணர்ச்சி உண்டுன்னு தெரியும்க்கா. முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்குத்தான் சூடு, அழுத்தம் தெரியாது. அதனால எல்லாருகிட்டயும் கேட்டுருவேன்' என்றாராம். சரியான பேச்சு. போலியோ தசையை முடக்கும், தொடு உணர்ச்சியை அல்ல. போலியோ கால் சீக்கிரம் குளிர்ந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏசியைக் குறைத்து அந்தக் காலைப் போர்த்திவிட்டார்.

அக்கா சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. 'இத்தனை வருஷத்துல இந்தக் காலைத் தொட்டவங்க எல்லாம் ஒன்னு டெஸ்ட் பண்ணாங்க, இல்ல சரி பண்ணப் பாத்தாங்க. சும்மா இதமா இருக்கட்டும்னு தொட்டது இதுதான் முதல் தடவைடா.'

அப்புறம் அவளுடைய கட்டைகள். படுத்தவுடன் அவற்றை ஓரமாகக் கொண்டுபோய்ச் சாத்தவில்லை. கட்டிலிலிருந்து கையை நீட்டினால் எட்டும் இடத்தில் வைத்து, 'இங்க இருக்குக்கா' என்று தட்டிக் காட்டினாராம். வேண்டுமென்றால் யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம். பிரைட்டனில் ஊன்றுகோல் வெற்றிச் சின்னம். இங்கே அது அக்காவின் சாமான், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கே கனம். அந்தத் தாராவிப் பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரர் இங்கே வர முடியாது. 2011 கணக்கெடுப்பிலேயே ஒரு கோடியே 24 லட்சம் பேர் இருந்த நகரத்தில் இந்த மாதிரி இடத்தைத் தேட எனக்கு மூன்று வாரம் ஆனது. வேலையைப் பற்றிக் கேட்டபோது அந்தப் பெண் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: 'எனக்கு கம்ப்யூட்டர் படிக்கத்தான் ஆசை. இது கிடைச்சுது. இப்போ புடிச்சிருக்கு.' ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது இந்த மூன்று வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே வேலை செய்பவர்கள் மாதம் ஒருமுறை ஒருவருக்கொருவர் மசாஜ் செய்துகொள்கிறார்கள். கையாக மட்டும் உள்ளே வந்தவர், உடம்பாகவும் அதே கட்டிலில் படுக்கிறார். முந்நூறு வருடக் கதையில் நான் தேடிப் பார்த்த வரையில் கிடைக்காத காட்சி இது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும் வீடுகள் நம்மில் நிறைய. முட்டிவலி, பக்கவாதம், சர்க்கரையால் மரத்துப்போன பாதம். போலியோ மட்டும்தான் காரணம் என்றில்லை. இந்தியாவில் கடைசிப் போலியோ கேஸ் 2011 ஜனவரியில் வந்தது, ஆனால் வயசாவதை நிறுத்த இன்னும் தடுப்பு மருந்து வரவில்லை :-)

மசாஜுக்கு எங்காவது அழைத்துப் போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். வாசலில் எத்தனை படி? கழிவறைக் கதவு எவ்வளவு அகலம்? கட்டில் இறங்குமா? உடம்பைப் பற்றி முதலில் கேள்வி கேட்பார்களா? ரத்தக்கட்டு, சமீபத்திய ஆபரேஷன், புதிதாக வந்த பலவீனம் என்றால் முதலில் டாக்டர், பிறகுதான் மசாஜ்.

கடைசியாக ஒன்று. ஊன்றுகோலை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். 'அதை நாங்க எடுத்து வெச்சுடுவோம் சார்' என்றால் கொஞ்சம் யோசியுங்கள். 'அவங்க கைக்கு எட்டுற மாதிரி' என்று பதில் வந்தால் நம்பிப் போகலாம்.